ஜெருஷா கழற்றாத காலுறை

பார்ட்ரிட்ஜ் குடா,
நியூஃபவுண்ட்லாந்து.
3 ஜூன் 1973

என் கண்ணு லவீனியாவுக்கு,

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: மருத்துவச்சி அமீலியா பார்டி, இப்போது இல்லை. என் மாமியார் ஜெருஷா, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் நாத்தனார் டோர்கஸ், அப்போது இருபத்தேழு வயது, வெந்நீரை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள், இன்னும் இருக்கிறாள், இருக்கட்டும். உன் தாத்தா அசரியா, அறைக்கு வெளியே தொப்பியைக் கசக்கிக்கொண்டு. நான். எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவன் உன் அப்பா ஜேபஸ். 1927, மே மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, வெளியே பனிமூட்டம்.

பேரையெல்லாம் முதலில் எழுதிவிட்டேன். பின்னால் எழுதப்போவதைக் கிழவியின் கற்பனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பார்.

உன் கடிதம் வியாழக்கிழமைக் கப்பலில் வந்தது. குழந்தை பிறந்து பத்து நாள், ஹன்னா என்று பேர், வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் நகம் வரைக்கும் ஒரே தோலாக ஒட்டியிருக்கிறது, நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்கள் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது இப்படிக் கை இருந்ததா என்று கேட்டார்களாம். உன் மாமியார் மார்ஜோரி, "எங்க பக்கம் அப்படி ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தாளாம். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

அப்பாவின் கையில் இருந்த தழும்பு நிஜமாகவே கொதிக்கிற எண்ணெய் பட்டதால்தானா என்று கேட்டிருக்கிறாய்.

இல்லை. எண்ணெயும் இல்லை, அடுப்பும் இல்லை. உன் அப்பா பிறக்கும்போதே உன் மகளைப் போலத்தான் பிறந்தான். அதே கை, அதே இரண்டு விரல்கள். மூன்று வயதில் கோடைக்கால ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தபோது அதில் இருந்த டாக்டர் வெட்டிப் பிரித்துவிட்டார். பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று எண்ணெய்க் கதையைக் கட்டி, ஊர்ப் பெரியவர்களையும் அதையே சொல்லவைத்தவர் உன் தாத்தா. உன் அப்பாவே அதை நம்பித்தான் வளர்ந்தான். உன் அம்மாவிடமும் அதையே சொன்னான். இப்போது பாஸ்டனில் அவளை எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

ஏன் அப்படிப் பிறந்தான் என்றும் எழுதிவிடுகிறேன். அந்த வருஷம் ஏப்ரலில் பனிக்கடலுக்கு வேட்டைக்குப் போனவர்கள் கடல்நாய்கள் நீந்துகிற முன்கால்களை, அதுதான் அந்தத் துடுப்புகளை, பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்தார்கள். எட்டு மாத வயிற்றோடு நான் மேசையில் உட்கார்ந்து இருபத்து நாலு துடுப்புகளை வெட்டினேன். கொழுப்பைத் துளி விடாமல் வழித்தால்தான் கறி நாறாது. தோலை உரித்தால் உள்ளே ஐந்து விரல், கணுக்கணுவாக, நுனியில் நகம். சின்னப் பிள்ளையின் கையேதான். ஒரு துடுப்பில் நான் கொஞ்ச நேரம் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஜெருஷா கவனித்துவிட்டாள்.

குழந்தை பிறந்ததும் அமீலியா அதன் வலது கையைத் துடைத்து ஜெருஷாவிடம் நீட்டினாள். ஜெருஷா பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வயித்துப் புள்ளையோட அத ஏன்டி வெறிச்சு வெறிச்சுப் பாத்த? இப்பப் பாரு, கடல்நாய்க் குட்டியப் பெத்து வச்சிருக்க" என்றாள். அந்தப் பேர் ஊர் முழுவதும் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை நான் துடுப்பில் கத்தி வைத்ததில்லை, வாயிலும் வைத்ததில்லை.

ஆகவே டாக்டர்களிடம் சொல். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தது நான். அது உன் அப்பாவோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

தொலைபேசியில் பேசச் சொல்லாதே. ஊருக்கு இருப்பது கடையில் ஒன்றுதான். பக்கத்தில் மாவு மூட்டைமேல் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

உன் பாட்டி,
கெட்டூரா


ஹாலிஃபாக்ஸ்,
10 ஜூன் 1973

அன்புள்ள பாட்டி,

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஹன்னாவின் அப்பா டக்ளஸ் ஒரு முறை படித்துவிட்டு, "உங்க பாட்டி கோர்ட்ல சாட்சி சொல்லிருக்கணும்" என்றார்.

முதலில் ஒன்று. துடுப்பை வெட்டியதால் யாருக்கும் கை ஒட்டாது. நான் சொல்வதை நம்புங்கள், என் வேலையே அதுதான். அருங்காட்சியகத்தில் என் மேசைமேல் இந்த மாதம் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு திமிங்கிலத்தின் துடுப்பு, வௌவாலின் இறக்கை, அகழெலியின் கை, கடல்நாயின் துடுப்பு, ஒரு மனிதக் கை, எல்லாம் வெறும் எலும்பாக, வரிசையாக. தோளிலிருந்து ஒரு எலும்பு, அதற்கப்புறம் இரண்டு, பிறகு ஒரு பிடி சிறு எலும்புகள், பிறகு விரல்கள். ஐந்துக்கும் அதே கணக்கு. ஒரு பாட்டன் சொத்தைப் பிரித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி. ஒருவன் அதை வைத்து நீந்துகிறான், ஒருவன் பறக்கிறான், ஒருவன் மண் தோண்டுகிறான், சொத்து ஒன்றுதான். நீங்கள் துடுப்புக்குள் பார்த்தது பிள்ளையின் கை மாதிரி இருந்ததற்கு அதுதான் காரணம். சாபம் இல்லை பாட்டி, சொந்தம்.

வயிற்றுக்குள் எல்லாக் குழந்தைக்கும் கை முதலில் துடுப்பாகத்தான் முளைக்கிறது. பிறகு விரல்களுக்கு நடுவில் இருக்கிற தோல் கரைந்து போகிறது. நம் குடும்பத்தில் ஓரிடத்தில் கரைய மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதை உங்களுக்கு எழுதுகிற நானே மூன்று வாரமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? எலும்பைச் சுத்தம் செய்கிற மருந்து நாற்றத்தை முகர்ந்ததால்தான் என்று. மார்ஜோரி அத்தை அதை வாய்விட்டே சொன்னார்கள். "செத்த மிருகத்தோட கெடந்தா வேற என்னம்மா வரும்?" பதில் சொல்லத் தெரிந்தும் நான் சொல்லவில்லை.

இனிமேல்தான் முக்கியமானது. அப்பாவுக்கு இருந்தது என்று சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. நிம்மதியால் இல்லை. அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். முப்பத்தேழு வயதில் வலை இழுக்கும்போது படகிலேயே சுருண்டு விழுந்தார், இதயம் என்றார்கள் என்று சொன்னேன். கையும் நெஞ்சும் சேர்ந்தே கெடுகிற ஒரு பரம்பரை நோய் இருக்கிறதாம். அப்பாவுக்கு இரண்டும், ஹன்னாவுக்கு இரண்டும். அப்படி இருந்தால் நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார். இத்தனை சின்ன உடம்பு பாட்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். ஒரு ஓட்டை வழியாகக் கையை விட்டுத்தான் நான் அவளைத் தொடுகிறேன்.

அப்பாவுக்கு முன்னால் யாருக்காவது இருந்ததா? இருந்து, அவர்கள் நெஞ்சு நன்றாக இருந்து, நீண்ட காலம் வாழ்ந்தார்களா? அப்படி ஒருவர் கிடைத்தால் கை வேறு, நெஞ்சு வேறு என்று ஆகிவிடும், அவசரப்பட வேண்டாம் என்கிறார். கையில்தான் என்றில்லை, சிலருக்குக் காலில் வருமாம், கட்டைவிரலை அடுத்த இரண்டு விரல்களில். ஒரு தலைமுறை ஒன்றுமே தெரியாமல் தாண்டியும் போகுமாம். தாத்தாவுக்கு இருந்ததா? யோசித்து எழுதுங்கள். உங்களுக்கு மறக்காதே.

உங்கள்,
லவீனியா


பார்ட்ரிட்ஜ் குடா,
19 ஜூன் 1973

கண்ணு,

தந்தி கிடைத்திருக்கும். "ஜெருஷா காலில் இருந்தது, எண்பத்தொரு வயது. டோர்கஸ் காலில் இருக்கிறது, விறகு பிளக்கிறாள்" என்று எழுதிக் கொடுத்தேன். தந்தி அனுப்புகிற பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "இத அப்படியே அனுப்பவா பாட்டி?" என்றான். எழுத்து மாறாமல் அனுப்பு என்றேன். இனி முழுக்கதை.

உன் தாத்தாவின் கை கால் இரண்டும் சுத்தமாகத்தான் இருந்தன. நாற்பத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ கால் என்று எழுதினாயே, அங்கேதான் நிறுத்தி அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.

ஜூனில் கேப்ளின் மீன் கரையில் வந்து குவியும்போது இந்த ஊரில் கிழவி, குமரி, பாதிரியார் மனைவி உட்பட எல்லோரும் வெறுங்காலோடு அலையில் இறங்கிக் கூடையால் அள்ளுவோம். ஜெருஷா ஒருத்திதான் கம்பளிக் காலுறையோடு இறங்குவாள். ஈரக் காலுறையோடேயே வீட்டுக்கு வருவாள். அடுப்போரம் உட்கார்ந்து காலிலேயே காயவைப்பாள். பெரிய இடத்துப் பெண் என்ற நினைப்பு என்று நாங்கள் சொல்வோம். கடைசி இரண்டு குளிர்காலம் படுக்கையில் கிடந்தபோது நான்தான் அவளைத் துடைத்தேன், ஊட்டினேன், மலம் எடுத்தேன். காலுறையை மட்டும் தொடவிடமாட்டாள். "கால டோர்கஸ் பாத்துக்குவா" என்பாள்.

1937 பிப்ரவரியில் போனாள். இங்கே செத்தவரைக் குளிப்பாட்டுவது பெண்கள் எல்லோரும் சேர்ந்து செய்வது, மருமகள்தான் முதல் தண்ணீரைத் தொட வேண்டும். நான் வாளியோடு வந்தேன். டோர்கஸ் வாசலை மறித்து நின்று, "நீ வேணாம் அண்ணி, அம்மா என்னத் தனியாத்தான் செய்யச் சொன்னா" என்று கதவைச் சாத்தினாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால். அந்த வாளியை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் படியிலேயே உறைந்தது. அன்றிலிருந்து முப்பத்தாறு வருஷம் நாங்கள் பேசவில்லை. தேவாலயத்தில் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். அவள் வீடு என் சன்னலிலிருந்து தெரியும். அதனாலேயே அந்தச் சன்னலுக்குத் திரை போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலம் போனேன். அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள், எழுபத்து மூன்று வயதில். என்னைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

வழியெல்லாம் என்னென்னவோ தயார் செய்துகொண்டு போனேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "டோர்கஸ், ஒங்கம்மா கால்ல என்ன இருந்துச்சு?"

"எதுக்குக் கேக்குற?"

"ஜேபஸோட பேத்தி ஆஸ்பத்திரில கெடக்குது. சொல்லாட்டி அதோட நெஞ்சக் கிழிச்சுப் பாப்பாங்களாம்."

அவள் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். சாம்பல் நிறக் காலுறையை உருவினாள். லவீனியா, நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு காலிலும் கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரலும் நகம் வரை ஒன்று. உன் அப்பா கையில் இருந்தது போலவே, அதே மாதிரி நகங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு.

"அம்மாவுக்கும் இதேதான். அம்மாவோட அப்பாவுக்குக் கையில. எல்லாரும் எம்பது தாண்டிட்டாங்க, ஒருத்தருக்கும் நெஞ்சுல ஒண்ணும் வரல" என்றாள். பிறகு, "முப்பத்தாறு வருஷமா எதிர்வீட்லதான் இருக்கேன். நீ கேக்கவே இல்லையே அண்ணி" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்காலாக உட்கார்ந்து சிரிக்கிறாள். வழியில் போன மீன்காரன் நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு என்ன பேச்சாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே கூப்பிட்டாள். இந்த வசந்தத்தில் சீசாவில் அடைத்த துடுப்புக் கறியைச் சூடுபண்ணி வைத்தாள். வைத்தபிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, எடுக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன். நாற்பத்தாறு வருஷம் கழித்துச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அவள் அம்மாவின் கை.

டாக்டரிடம் இன்னொன்றும் சொல். உன் அப்பாவுக்குப் பதினோரு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து ஆறு வாரம் படுத்தான். முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது... நீ தேங்காயைப் பார்த்திருப்பாய், நான் படத்தில்தான். அதற்கப்புறம்தான் அவனுக்கு மலையேறினால் மூச்சு வாங்கும். பிறந்தபோது அமீலியா காதை வைத்துக் கேட்டு, நெஞ்சு கடிகாரம் மாதிரி என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடனே எழுது. எழுத நேரமில்லாவிட்டால் தந்தி. மாவு மூட்டைக்காரர்கள் படித்தாலும் பரவாயில்லை.

பாட்டி


ஹாலிஃபாக்ஸ்,
2 ஜூலை 1973

என் அன்புப் பாட்டி,

அவள் வீட்டில் இருக்கிறாள். இதை எழுதும்போது என் மடியில் தூங்குகிறாள், அதனால் எழுத்து கோணல்.

உங்கள் தந்தியை டாக்டர் மேசையிலேயே வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாராம். மூட்டுக் காய்ச்சல் என்றதும், "அதுதான், அதுதான் உங்கப்பா நெஞ்சக் கெடுத்திருக்கு" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கை குடும்பத்திலிருந்து வந்தது, அப்பாவின் இதயம் காய்ச்சலால் போனது, ஹன்னாவின் நெஞ்சில் இருப்பது குண்டூசித் தலையளவு ஓட்டை, பல குழந்தைகளுக்கு இருப்பது, தானே மூடிக்கொள்ளும். போன வாரம் கேட்டபோது சத்தம் பாதியாகிவிட்டது. இன்று கேட்கவே இல்லை என்றார். நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். விரல்களை ஒன்றரை வயதில் பிரிக்கலாமாம். அவசரமில்லை. சில நேரம் அந்த இரண்டு விரலால் என் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள், நல்ல பிடி.

மார்ஜோரி அத்தையிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், துடுப்பு, ஜெருஷா, எல்லாம். பிறகு, "நான் சொன்னது தப்பும்மா" என்றார்கள். மறுநாள் ஒரு கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டு வந்தார்கள். அதில் அந்த இரண்டு விரலுக்கு ஒரே அறை.

ஆகஸ்டில் கப்பலில் வருகிறோம். டோர்கஸ் பாட்டியையும் பார்க்க வேண்டும், அவர் காலைப் படமெடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். பாட்டி, இப்போது எல்லாம் தெரிந்துவிட்டதே. உங்கள் மாமியாரை மன்னித்துவிட்டீர்களா? டோர்கஸ் பாட்டியை? உங்கள் மனசில் பாரம் இறங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் லவீனியாவும், ஹன்னாவும்


பார்ட்ரிட்ஜ் குடா,
10 ஜூலை 1973

கண்ணுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். சத்தம் கேட்கவே இல்லை என்ற இடத்தில் அங்கேயே ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். என்னாச்சு, என்னாச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஜெருஷாவின் காலிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரன் ஒரு தேநீர்ப் பொட்டலத்தைக் கையில் திணித்தான்.

பாரம் இறங்கியதா என்றால், இறங்கிவிட்டது. காலையில் எழுந்திருக்கும்போது தெரிகிறது. நாற்பத்தாறு வருஷமாக, எழுந்ததும் முதலில் என் கையைத்தான் பார்ப்பேன், அந்தக் கத்தியைப் பிடித்த கையை. இப்போது முதலில் சன்னலைப் பார்க்கிறேன். திரையை எடுத்துவிட்டேன். டோர்கஸ் வீட்டுப் புகைபோக்கி புகைகிறதா என்று பார்ப்பேன்.

டோர்கஸ்மேல் எனக்கு ஒன்றுமில்லை. சாகிறவளுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினாள், சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்குப் பயந்தவள். படமெடுக்கக் காலைக் காட்டுகிறேன் என்கிறாள், முகம் மட்டும் வரக்கூடாதாம். ஜெருஷாவை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன், பொய்யாகிவிடும். ஆனால் அவளைப் பற்றி யோசித்தேன். பதினெட்டு வயதில் வேறு குடாவிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள், அறுபத்து மூன்று வருஷம் ஒரு நாள்கூட வெறுங்காலோடு மணலில் நின்றதில்லை. அவள் பயத்தை என்மேல் இறக்கி வைத்தாள். எதிரி, எதிரி செய்வதைச் செய்தாள். அதோடு அவள் கணக்கு முடிந்தது.

ஆகஸ்டில் கையுறையோடு வா. குளிரும்.

உன் பாட்டி,
கெட்டூரா

இத்தோடு உறையை ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நீ கேட்டது முழுக் கேள்வி, நான் எழுதியது பாதிப் பதில். நேற்று டோர்கஸோடு மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள், அதையே மறுபடியும் திருப்பிப் போட்டாள். "அண்ணனுக்குத் தெரியாம என்ன? சின்னதுல பனி கடிச்சா அம்மா காலுக்கு அவன்தான எண்ணெ தேப்பான்" என்றாள்.

அன்றைக்குக் குழந்தையின் கையை வாங்கி முத்தமிட்ட மனிதர் உன் தாத்தா. எண்ணெய்க் கதையைக் கட்டிப் பிள்ளையைக் காப்பாற்றியவர். அவர் நல்லவர், இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். முதல் வருஷம் நான் ராவெல்லாம் அழுவேன். ஒரு நாள் என் தலையைத் தன் தோளில் சாய்த்து, "அழாத கெட்டி. தெரியாமச் செஞ்சுட்ட. நான் ஒன்ன மன்னிச்சுட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நாற்பத்திரண்டு வருஷம் அவருக்கு நன்றியோடு சமைத்தேன், பின்னினேன், அவர் செத்தபோது முதல் தண்ணீரை நான்தான் ஊற்றினேன். அம்மாவின் கால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே அதைச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே உன் கேள்விக்கு மீதிப் பதில். எல்லோரையும் விட்டுவிட்டேன். ஒருவரை மட்டும் மாட்டேன், அந்த இன்னொரு உலகத்தில் எதிரே வந்து நின்றாலும் மாட்டேன்: என்னை மன்னித்த அசரியாவை.